ஓவியத்துக்கும் பாடபேதம் உண்டு

ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்க எனக்கு ஏழரை ஆண்டு ஆயிற்று. கேட்பவர்கள் எல்லாம் "ஏழரைன்னா சும்மா விடுமா" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். உதவித்தொகை ஐந்தாம் ஆண்டோடு நின்றுபோனது. மிச்ச இரண்டரை ஆண்டும் மெய்ப்புத் திருத்தியும் பிறர் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தும்தான் ஓடியது. சேர்த்து வைத்திருந்ததும் கரைந்தது. அந்த இரண்டரை ஆண்டில் பாதிக்கு மேல் நானே வலியப் போய் வரவழைத்துக்கொண்டது. முதல் வருடமே யாராவது என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். சொல்ல ஆள் இல்லை. எங்கள் துறையில் காப்பியத்தைக் காப்பியத்தோடும் நாவலை நாவலோடும் ஒப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு கவிதையை ஓவியத்தின் பக்கத்திலோ இசையின் பக்கத்திலோ வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் நான் எங்கெங்கே முட்டிக்கொண்டேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தப்பு தலைப்பிலேயே தொடங்கியது. ஒப்பிலக்கியம் என்பது நாட்டு எல்லையைத் தாண்டிய இலக்கியங்களை ஒப்பிடுவது மட்டும் அல்ல, இலக்கியத்துக்கும் ஓவியம், சிற்பம், இசை போன்ற கலைகளுக்கும், தத்துவம், வரலாறு, சமயம் போன்ற அறிவுத் துறைகளுக்கும் உள்ள உறவை ஆராய்வதும் அதில் அடங்கும் என்று ஒப்பிலக்கிய அறிஞர் ஹென்றி ரெமாக் 1961இல் ஒரு வரையறை கொடுத்தார். எனக்கு அது கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஓவியம், இசை, நாட்டியம், சிற்பம் என நான்கையும் கவிதையோடு சேர்த்து ஒரே தலைப்பில் போட்டேன். நெறியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பெரிசா இருக்கேம்மா" என்றார். "போகப் போகக் குறைச்சுக்கலாம் ஐயா" என்றேன். பதிவு செய்த தலைப்பு அவ்வளவு சுலபமாகக் குறையாது. அதை மாற்ற ஒரு குழு கூட வேண்டும், அந்தக் குழு ஆண்டுக்கு இரண்டு முறைதான் கூடும். இது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. தலைப்பில் ஒரு கலையை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது கலை தேவைப்பட்டால் ஆய்வேட்டுக்குள் ஓர் இயலாக வந்து உட்காரட்டும்.

முதல் வருடம் முழுக்க ஒற்றுமை பொறுக்கினேன். அதற்கென்றே தடிமனாக ஒரு குறிப்பேடு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, சொல்கிறது; வடமொழி நாட்டிய சாத்திரம் எட்டு ரசம், அதாவது சுவை, சொல்கிறது. அடித்தது யோகம் என்று அட்டவணை போட்டேன். நகைக்கு ஹாஸ்யம், அழுகைக்குக் கருணை, அச்சத்துக்குப் பயானகம், வெகுளிக்கு ரௌத்திரம், இளிவரலுக்குப் பீபத்சம் என்று எட்டும் எட்டும் சேர்ந்துவிட்டன. ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "சரிம்மா, ஒத்திருக்குது. அதனால என்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து, இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் இளிவரல் நூற்பாவை ஒழுங்காகப் படித்தேன். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு இடத்தில் இளிவரல் பிறக்கும் என்கிறது. ஒருவர் முதுமையிலும் நோயிலும் இயலாமையிலும் தன்னைத் தாழ்வாக உணரும் நிலை அது. பீபத்சம் அருவருப்பு, கண்ணால் காணச் சகிக்காததைப் பார்க்கும்போது வருவது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியவள் நான். அந்த ஒரு கட்டத்தில் இருந்த பொருத்தமின்மையைப் பற்றி எழுதியிருந்தால் நல்ல கட்டுரை ஒன்று தேறியிருக்கும். பொருந்திய ஏழைப் பற்றி எழுதிக்கொண்டே ஒரு வருடத்தைக் கழித்தேன். இப்போது யார் ஒப்பீட்டு அட்டவணையோடு வந்தாலும் முதலில் ஒட்டாத கட்டம் எது என்றுதான் கேட்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்றால் அவர் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மேற்கோள் விஷயத்திலும் இதே கதை. கவிதை ஓவியம் போன்றது என்று ரோமானியக் கவிஞர் ஹொராஸ் சொன்னதாக முன்னுரையில் முதல் வரியாகவே போட்டிருந்தேன். எல்லாரும் போடுகிற வரிதான். மூல நூலில் அந்த இடத்தை எடுத்துப் பார்த்தால் அவர் இரண்டு கலைகளும் ஒன்று என்று சொல்லவே இல்லை. சில ஓவியங்கள் கிட்ட நின்றால் பிடிக்கும், சில எட்ட நின்றால் பிடிக்கும், கவிதையிலும் அப்படித்தான் என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. பிற்காலத்தார் அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஒரு கொள்கையாக்கிவிட்டார்கள். அந்தக் கொள்கையை எதிர்த்துத்தான் ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766இல், பாம்புகள் சுற்றி நெரிக்கும் மனிதனைக் காட்டும் லாவோகூன் சிலையை முன்வைத்து எழுதினார். ஓவியமும் சிற்பமும் இடத்தில் நிற்பவை, கவிதை காலத்தில் நகர்வது, ஒன்றின் வேலையை இன்னொன்றின் மேல் ஏற்றாதே என்பது அவர் வாதம். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் முதல் மாதத்தில் ஹொராஸின் அந்தத் துண்டுக்குப் பதில் லெஸ்ஸிங்கைப் படித்திருந்தால் அந்தக் குறிப்பேடு அவ்வளவு தடித்திருக்காது.

இரண்டாம் ஆண்டில் இசை. பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் 1876ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றை முன்வைத்து இசையமைப்பாளர் தெபுஸ்ஸி அமைத்த இசை 1894இல் அரங்கேறியது. நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி 1912இல் அதை நடனமாக்கினார். ஒரு கவிதை மூன்று கலைகளில் பயணம் போகிறதே, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும் என்று இறங்கிவிட்டேன். கவிதையில் 110 அடி. இசைக் குறிப்பில் 'பார்' என்று சொல்லும் கட்டங்களும் 110. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடிக்கு ஒரு கட்டம் என்று எண் போட்டு, எந்த அடியில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று காதால் கேட்டுக் கேட்டு எழுதினேன். எனக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. எட்டு மாதம் போயிற்று. கடைசியில் மேற்கத்திய இசை கற்ற ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளம் நடுவில் மாறிக்கொண்டே போகிறது, கட்டங்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்று விரலை வைத்துக் காட்டினார். என் வரிசை அங்கேயே சரிந்தது. 110க்கும் 110க்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. அதைப் பேசும் தகுதி எனக்கு இல்லை என்பதுதான் அன்று தெரிந்தது. அந்த இயலையே எடுத்துவிட்டேன். ஒரு கலையின் எழுத்தை உங்களால் படிக்க முடியாதென்றால், படிக்கத் தெரிந்தவரை முதல் வாரமே பிடித்துவிடுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். எட்டு மாதம் போனது அந்தக் கூச்சத்தால்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய அடி ஓவியத்தில் விழுந்தது. மெழுகால் ஒட்டிய இறக்கையோடு பறந்து, சூரியனுக்கு அருகே போய்க் கடலில் விழுந்து இறந்த இக்காரஸின் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் காப்பியத்தின் எட்டாம் பகுதியில் சொல்கிறார். தகப்பன் டெடலஸும் மகனும் வானில் போகும்போது தூண்டில்காரன் ஒருவன், கோலில் சாய்ந்த இடையன் ஒருவன், கலப்பையைப் பிடித்த உழவன் ஒருவன் அண்ணாந்து பார்த்து, இவர்கள் கடவுளராகத்தான் இருக்க வேண்டும் என்று திகைத்துப்போகிறார்கள். ஓவியர் பீட்டர் ப்ரூகலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓவியம் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் இந்த மூவரும் உண்டு. உழவன் சிவப்புச் சட்டையோடு முன்னால் நின்று உழுசாலைப் பார்க்கிறான். தூண்டில்காரன் தண்ணீரைப் பார்க்கிறான். இடையன் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆடுகளுக்கு நடுவே, நாய் பக்கத்தில் இருக்க, கோலை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். வலது மூலையில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, இக்காரஸின் இரண்டு கால்கள் மட்டும் தண்ணீருக்கு வெளியே உதைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் தடவை பார்ப்பவர்கள் அந்தக் கால்களைத் தேடத்தான் வேண்டும். இந்த ஓவியத்தை வைத்து ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1938இல் ஒரு கவிதை எழுதினார், அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் பின்னால் ஒன்று எழுதினார். துன்பம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு போவதுதான் இரண்டிலும் பேச்சு.

என் வாதம் இப்படிப் போனது: ஓவிட்டின் மூவரும் பார்க்கிறார்கள், ஓவியத்தின் மூவரும் பார்க்கவில்லை, ஓவியர் கதையைத் தலைகீழாக்கிவிட்டார். அதற்கு நடுநாயகமாக அந்த இடையனை வைத்தேன். அவன் மேலே பார்க்கிறான், ஆனால் மேலே ஒன்றும் இல்லை. வெறும் வானம். பேரழிவு முதுகுக்குப் பின்னால் நடக்கும்போது வெறுமையை அண்ணாந்து பார்க்கிற மனிதன் என்று 11 பக்கம் எழுதினேன். என் ஆய்வேட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த 11 பக்கம் அது. தோழிகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதற்கு நான் பயன்படுத்திய படம் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு சின்னக் கோப்பு, பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கருத்தரங்கில் எல்லா இயல்களையும் பேசிக்காட்ட வேண்டும். வெளியிலிருந்து கலை வரலாற்றுப் பேராசிரியை ஒருவர் வந்திருந்தார். நான் பேசி முடித்ததும், "அந்த இடையன் எதைப் பார்க்கிறான்?" என்று கேட்டார். எனக்குக் குஷி. "எதையும் இல்லை மேடம், அதுதான் விஷயமே" என்றேன். "நீங்க எத்தனை படம் பார்த்தீங்க?" என்றார். கேள்வியே புரியவில்லை. தன் மடிக்கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அதே நிலம், அதே கடல், அதே உழவன், அதே இடையன். இடையன் பார்க்கிற இடத்தில், வானத்தில், இறக்கையோடு டெடலஸ் பறந்துகொண்டிருந்தான். பிரஸ்ஸல்ஸிலேயே வான் பியூரன் என்ற இன்னோர் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம் அது. அளவில் கொஞ்சம் சிறியது, மரப் பலகையில் தீட்டியது. நான் வைத்திருந்த படத்தைப் பற்றியும் சொன்னார். 1990களில் நடந்த தொழில்நுட்பச் சோதனைகளுக்குப் பிறகு, அது ப்ரூகலே தீட்டியதுதானா என்ற ஐயம் வலுத்திருக்கிறது, தொலைந்துபோன மூல ஓவியம் ஒன்றின் நகலாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அந்த மூலத்தில் டெடலஸும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் இடையன் வெறுமையைப் பார்க்கவில்லை. ஓவிட் சொன்னபடி, பறக்கிற மனிதனைத்தான் பார்க்கிறான்.

காது இரண்டும் கொதித்தது. முன்வரிசையில் என் இளையவர்கள் இருந்தார்கள். ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திருத்திக்கறேன் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு 11 பக்கத்தையும் எதிரே வைத்துக்கொண்டு அழுதேன். அழுகை அவமானத்தால் மட்டும் இல்லை. நான் தமிழ் படித்தவள். ஒரு பழம்பாட்டை மேற்கோள் காட்டினால் எந்தப் பதிப்பு, எந்தப் பாடம், பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொல்) உண்டா என்று பார்க்காமல் எழுதக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே.சா. எத்தனை ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார் என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஓவியம் என்று வந்ததும் அதெல்லாம் மறந்துபோனது. படம் என்றால் படம், ஒன்றுதான் இருக்கும் என்ற நினைப்பு. உண்மையைச் சொன்னால், ஓவியத்தை நான் கவிதைக்கு ஒரு விளக்கப்படமாகத்தான் வைத்திருந்தேன். அதற்கும் பிறப்பு வளர்ப்பு உண்டு, கைமாறிய கதை உண்டு, அழிந்த பகுதி உண்டு, நகல் உண்டு என்று தோன்றவே இல்லை.

ஏழு மாதம் அந்த இயலைத் திரும்ப எழுதினேன். கேள்வியை மாற்றியதில்தான் பிழைத்தேன். ஓவியர் என்ன நினைத்தார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கவிஞர் எந்தப் பாடத்தைப் பார்த்தார் என்று கேட்டேன். ஆடன் எழுதியது டெடலஸ் இல்லாத அந்தப் படத்தை வைத்து. அதனால் அவருடைய கவிதைக்கு அந்தப் படம்தான் ஆதாரம், ப்ரூகல் கையால் தீட்டினாரா இல்லையா என்பது அங்கே இரண்டாம் பட்சம். அப்படிப் பார்த்தபோது இத்தனை வருடம் கண்ணில் படாத ஒன்று பட்டது. ஆடன் கவிதையில் உழவன் வருகிறான், சூரியன் வருகிறது, கப்பல் வருகிறது. இடையன் இல்லை. அவசரமாக வில்லியம்ஸ் கவிதையை எடுத்தேன். அதிலும் உழவன் உண்டு, இடையன் இல்லை. படத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிற ஒரே ஆளை இரண்டு கவிஞர்களும் விட்டுவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லும் கவிதைக்கு, எதையோ கவனித்துக்கொண்டு நிற்கிற அவன் இடைஞ்சல்தானே. நான் 11 பக்கம் எழுதிய ஆளைப் பற்றி அந்தக் கவிதைகளில் ஒரு சொல் கூட இல்லை என்பதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை! படத்தில் இருப்பதை ஒரு பட்டியல், கவிதையில் இருப்பதை ஒரு பட்டியல் என்று முதல் நாளே எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இப்போது எந்த ஓவியத்தைத் தொட்டாலும் அதைத்தான் முதலில் செய்கிறேன். கூடவே, எந்த அருங்காட்சியகம், என்ன அளவு, துணியா பலகையா, வேறு படிகள் உண்டா, எந்த நாளில் எந்தக் கோப்பைப் பார்த்தேன் என்று ஒரு தாளில் எழுதி அந்த இயலின் முதல் பக்கத்தோடு வைத்துவிடுகிறேன்.

நாட்டிய இயலில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. சூடுபட்ட பிறகு எழுதியதால் இருக்கலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கின் அளவு இருக்கிறது. ஒரு கோல் என்பது 24 விரல். அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், அரங்கத் தளத்துக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். இந்த வரிகளை எத்தனையோ முறை படித்துக் கடந்திருக்கிறேன். இந்த முறை சாக்கட்டியை எடுத்தேன். என் கட்டைவிரல் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு கோல் 48. தரையில் கோடு போட்டேன். 3.36 மீட்டர் அகலம், 3.84 மீட்டர் நீளம். ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது. பரதம் ஆடும் தோழியைக் கோட்டுக்குள் நிற்கச் சொல்லி, சுவரில் 1.92 மீட்டர் உயரத்தில் ஓர் அடையாளம் வைத்தேன். கையைத் தூக்கினாள், விரல் நுனி அடையாளத்தைத் தாண்டியது. "இதுக்குள்ளயா ஆடினா?" என்றாள். விரல் பெரியவருடையது என்றால் அளவு கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் என் மனதில் அதுவரை இருந்த பிரம்மாண்டமான மேடை அன்றோடு போயிற்று. மூன்று வகை எழினி (திரை), குழல், யாழ், தண்ணுமை, முழவு எல்லாம் இந்த அளவுக்கு எவ்வளவு அருகில் வந்துவிடுகின்றன பாருங்கள். "குழல்வழி நின்றது யாழே" என்ற வரியை அந்தக் கோட்டுக்குள் நின்று படித்தபோது வேறு மாதிரி கேட்டது. அரைநாள் வேலை அது. என் ஆய்வேட்டில் தேர்வாளர்கள் பாராட்டிய ஒரே பகுதியும் அதுதான்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓவிய இயலைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் படத்துக்கும் கவிதை வரிகளுக்கும் எழுத்துபூர்வமான அனுமதி கேட்டார்கள். ஓவியம் பல நூறாண்டுப் பழசு, ஆனால் அதை எடுத்த புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை இருக்கலாம். ஆடன் இறந்தது 1973இல், அவர் கவிதைக்குப் பதிப்புரிமை இருக்கிறது. கடிதம் எழுதி, பதில் வராமல், மறுபடி எழுதி, ஐந்து மாதம் போனது. கேட்ட கட்டணம் என் கைக்கு எட்டவில்லை. கடைசியில் படத்தையே எடுத்துவிட்டு, கவிதை வரிகளை என் சொற்களில் பொருளாகச் சொல்லி எழுதினேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்து, பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைத் தடையின்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. இப்படித் திறந்துவிட்டவை வேறு சிலவும் உண்டு. இரண்டு ஓவியங்களில் எதை எடுப்பது என்று ஊசலாடினால், இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். கலை நோக்கில் இது அற்பக் காரணம்தான், ஆனால் உங்கள் ஐந்து மாதம் அற்பமில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அதே கலை வரலாற்றுப் பேராசிரியைதான் வந்தார். திருத்திய இயலைப் புரட்டிக்கொண்டே, "ஆடன் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார், சரி. வில்லியம்ஸ் எந்தப் படத்தைப் பார்த்து எழுதினார்? நேரிலா, புத்தகத்திலா?" என்று கேட்டார். "அதை நான் தேடவில்லை மேடம்" என்றேன். இந்த முறை காது கொதிக்கவில்லை. "தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.